சைக்கிளைக் காரில் எங்கே ஏற்றுவது?

காரின் பின்சீட்டில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி உட்கார்ந்தால் பெட்ரோல் செலவில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அவரை இறக்கிவிட்டு, கூரைமேல் இரண்டு சைக்கிள்களை நிறுத்திக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். ஒன்று 13 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 26 கிலோதான். இறங்கிப் போனவரின் எடையில் பாதிகூட இல்லை. ஆனாலும் மைலேஜ் விழுவது கண்கூடாகத் தெரியும். அதே சைக்கிள்களின் சக்கரங்களைக் கழற்றி, பின்சீட்டை மடக்கி உள்ளே படுக்கவைத்தால் செலவு பழைய நிலைக்கு வந்துவிடும். சைக்கிளும் எடையும் மாறவில்லை. மாறியது இடம் மட்டுமே.

சென்னையில் விடியும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள், விடுமுறையில் ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்புகிறவர்கள், டொராண்டோவிலும் லண்டனிலும் பிள்ளைகளின் சைக்கிளோடு பூங்காவுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் இந்த ‘எங்கே’ என்ற கேள்வி உண்டு. கடையில் விலையையும் எத்தனை சைக்கிள் கொள்ளும் என்பதையும் பார்த்துவிட்டு ரேக்கை வாங்கிவிடுகிறோம். உண்மையில் ரேக் மாட்டிய கார் வேறொரு வண்டி. அதன் உயரம் அல்லது நீளம் மாறிவிட்டது. எடை நிற்கும் இடம் மாறிவிட்டது. பின்னால் வருபவருக்கு அது தெரியும் விதமும் மாறிவிட்டது. இந்த மாற்றங்களுக்கு இயற்பியல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கணக்காகத்தான் இருக்கும்.

சைக்கிள் ரேக்குகளை மூன்று வகைக்குள் அடக்கலாம். கூரையில் குறுக்குக் கம்பிகள் பொருத்தி, அவற்றின்மேல் சைக்கிளை நிற்கவைப்பது முதல் வகை. டிக்கிக் கதவின் விளிம்பில் கொக்கிகளை மாட்டி, பட்டைகளால் இறுக்கிக் கட்டுவது இரண்டாவது. வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைந்த இழுகொக்கியில் தாங்கியைப் பூட்டுவது மூன்றாவது. இழுகொக்கி என்பது இழுவண்டியைக் காரோடு கோப்பதற்கான இரும்பு அமைப்பு. ஐரோப்பாவில் அதன் முனையில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருண்டை இருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் சதுரக் குழாய் இருக்கும். இந்தியாவில் விற்கும் சிறு கார்கள் பெரும்பாலும் இந்த அமைப்பு இல்லாமலேயே வருகின்றன.

கூரைமேல் காற்று

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் ஓடும் காரை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் அழுந்தி அழுந்தி உருள்வதால் வரும் உருள்தடை. இது எடையைப் பொறுத்தது; வேகம் கூடினாலும் அதிகம் மாறாது. மற்றொன்று காற்றுத்தடை. இதற்கு எடை ஒரு பொருட்டே இல்லை. வண்டியின் வடிவமும் வேகமும்தான் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு நொடியும் கார் ஒதுக்கித் தள்ளவேண்டிய காற்றின் அளவு இரண்டு மடங்காகும்; அந்தக் காற்றைத் தள்ளும் வேகமும் இரண்டு மடங்காகும். இரண்டும் பெருகி, தடை நான்கு மடங்காகிவிடும்.

ஆட்களோடு 1,200 கிலோ வரும் ஒரு சிறு காருக்கு உருள்தடை ஏறத்தாழ 13 கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடை சுமார் 8 கிலோ. நகருக்குள் எடைதான் பெரிது என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். வேகம் 100-ஐத் தொட்டதும் காற்றுத்தடை 31 கிலோவாக ஏறி, உருள்தடையைப் போல இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். பின்சீட்டில் உட்கார்ந்த 60 கிலோ மனிதர் உருள்தடையில் கூட்டுவது முக்கால் கிலோவுக்கும் குறைவு. கூரையில் நிற்கும் சைக்கிள்கள் காற்றுத்தடையைக் கால்பங்கு கூட்டினால்கூட அது 8 கிலோ. முதலில் கேட்ட புதிருக்கு விடை இதுதான்.

இந்தத் தடைகளை எப்படி அளக்கிறார்கள்? காற்றுக்குகை என்ற பெரிய ஆய்வுக்கூடம் ஒரு வழி. அது இல்லாமலும் அளக்கலாம். காற்று வீசாத நேரத்தில், நேரான சமதளச் சாலையில் காரை வேகமாக ஓட்டி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுத் தானாக ஓடவிடுவார்கள். வேகம் நொடிக்கு எவ்வளவு குறைகிறது என்று பதிவு செய்வார்கள். தொடக்கத்தில் வேகம் மளமளவென்று இறங்கும். பிறகு மெதுவாகக் குறையும். மளமளவென்று இறங்கும் பகுதி காற்றின் வேலை, மெதுவாகக் குறையும் பகுதி டயரின் வேலை. சாலையின் சரிவும் இலேசான காற்றும் கணக்கைக் கெடுக்காமலிருக்க, அதே சாலையில் எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். ரேக்கோடு ஒருமுறை, ரேக் இல்லாமல் ஒருமுறை என்று செய்தால் வித்தியாசம் முழுவதும் ரேக்கின் பங்கு.

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி தரும் எண்கள் கூரைமேல் வைக்கும் பெரிய சாமான் பெட்டிக்கானவை என்றாலும் இடத்தின் விலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வரை போகும்போது கூரைப் பெட்டியால் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையும். பின்புறம் வைக்கும் பெட்டியால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான் குறையும். ஓடும் காரின் முதுகுக்குப் பின்னால் காற்று ஏற்கெனவே கலைந்து, வண்டியோடு சேர்ந்து இழுபட்டு வருகிறது. அந்தப் பகுதிக்குள் அடங்கும் பொருள் புதிய காற்றை அதிகம் எதிர்கொள்வதில்லை.

ஆனால் சைக்கிள் பெட்டி மாதிரி அகலமான பொருள் இல்லையே, வெறும் குழாயும் கம்பியும்தானே என்று கேட்கலாம். அங்கேதான் காற்று நம் கண்ணை ஏமாற்றுகிறது. உருண்டைக் குழாயைச் சுற்றி வரும் காற்று பின்பக்கத்தில் ஒட்டாமல் பிரிந்துவிடுகிறது. பின்னால் அழுத்தம் குறைந்து, குழாயைப் பின்னுக்கு உறிஞ்சுகிறது. விமான இறக்கையின் வெட்டுமுகத்தில் செய்த ஒரு தண்டும், அதன் தடிமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள உருண்டைக் கம்பியும் ஏறத்தாழ ஒரே அளவு தடையைத் தரும். சைக்கிள் முழுக்க முழுக்க அத்தகைய உருண்டைகளால் ஆனது: சட்டம், கைப்பிடி, போர்க், ஒரு சக்கரத்துக்கு முப்பத்துச் சொச்சம் ஆரக்கம்பிகள்.

கூரைக் கம்பிகள் சில வேகங்களில் ‘ஹூம்’ என்று முனகுவதும் இதே கதைதான். கம்பியின் பின்னால் காற்று மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கிறது. 1878-இல் செக் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால், கம்பிகளைக் காற்றில் சுழற்றி அவை எழுப்பும் ஒலியை ஆராய்ந்தார். ஒலியின் சுருதி கம்பியை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்ததில்லை, காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது என்று கண்டார். 1911-இல் தியோடர் வான் கார்மன் அந்தச் சுழிகள் ஏன் ஒழுங்கான இரட்டை வரிசையாக அமைகின்றன என்பதை விளக்கினார். 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பி, 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 185 சுழிச் சோடிகளை உதிர்க்கும். அது மனிதர் பேசும் குரலின் சுருதி எல்லைக்குள் வருவதால் காரின் உள்ளே நன்றாகவே கேட்கிறது. இப்போது விற்கும் நல்ல கம்பிகள் இறக்கை வடிவத்தில் இருப்பதும், மேலே வரிவரியான ரப்பர் பட்டை ஓடுவதும் இந்தச் சுழிகள் ஒழுங்காகச் சேராமல் கலைப்பதற்குத்தான்.

கூரைக்கு இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. கார் நிறுவனங்கள் கூரைச் சுமைக்கு எல்லை விதிக்கின்றன. பல கார்களில் அது 50 முதல் 75 கிலோவுக்குள்தான். அந்த எல்லைக்குள் கம்பிகளின் எடையும் தாங்கியின் எடையும் சேரும். அடுத்தது உயரம். ஒன்றரை மீட்டர் உயரக் காரின்மேல் சைக்கிளை நிறுத்தினால் மொத்தம் இரண்டரை மீட்டரைத் தாண்டும். அடித்தளப் பார்க்கிங்குகளின் உயரத்தடை பெரும்பாலும் இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து உள்ளே நுழைவதுதான் கூரை ரேக்குக்கு வழக்கமாக நேரும் விபத்து.

பின்னால் எடை

அப்படியானால் பின்புறம்தான் நல்லது என்று முடிவுகட்டிவிடலாமா? காற்று விட்டுக்கொடுத்ததை இங்கே எடை கேட்டு வாங்கிக்கொள்கிறது.

நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தெருவைக் கடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்க முடியாது; தோள் இற்றுப்போகும், உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். ஒரு விசை, தாங்குபுள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குத் திருப்பும் வலிமை பெறுகிறது. பள்ளிப் பாடநூல் இதைத் திருப்புத்திறன் என்கிறது. டிக்கிக்குள் கிடக்கும் பெட்டி இடுப்புக் குடம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ரேக் கைநீட்டிய குடம்.

எண்ணில் பார்க்கலாம். தாங்கி 18 கிலோ, ஒவ்வொன்றும் 21 கிலோ வரும் இரண்டு மின்சைக்கிள்கள். மொத்தம் 60 கிலோ. அவற்றின் எடைமையம் பின் அச்சிலிருந்து 1.35 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு கார் பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். கணக்குப் போட்டால் முன் சக்கரங்கள்மீதுள்ள சுமை 33 கிலோ குறைந்துவிடுகிறது. பின் சக்கரங்களின் சுமை 93 கிலோ கூடிவிடுகிறது. ஏற்றியது 60 கிலோ, பின் டயர்கள் உணர்வது 93. பெரும்பாலான சிறு கார்களில் ஸ்டியரிங்கும் இன்ஜினின் இழுப்பும் முன் சக்கரங்களில்தான். ஈரச்சாலையில் வளைவில் திரும்பும்போது அந்த 33 கிலோ இல்லாத குறை கையில் தெரியும். பின் டயர்களுக்குக் கையேட்டில் ‘முழுச்சுமை’ என்று தனிக் காற்றழுத்தம் குறிப்பிட்டிருப்பது இத்தகைய பயணத்துக்குத்தான்.

இழுகொக்கியில் நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது. இழுவண்டி உருண்டையின்மேல் 60 கிலோவை இறக்கினால், அது நேர்கீழாக இறங்கும் எடை. உருண்டையைச் சுற்றி இழுவண்டி சுதந்திரமாக அசையலாம். சைக்கிள் தாங்கி அப்படி அசையாது. உருண்டையின் கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் எடையைத் தாங்குகிறது. எடை ஒன்றேயானாலும் கழுத்து திருகப்படுகிறது. ஆகவே இழுவண்டிக்கு இத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், சைக்கிள் தாங்கிக்கு அனுமதி உண்டா, எத்தனை சைக்கிளுக்கு என்பதையும் பார்க்கவேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் இந்தப் பகுதி காரின் மற்றப் பகுதிகளைவிட அதிகம் எகிறி விழும். நின்ற நிலையில் 60 கிலோவாக இருந்த சுமை, அந்தக் கணத்தில் பல மடங்கு விசையாக இறங்கும்.

டிக்கியில் பட்டையால் கட்டும் ரேக்கை அருகில் போய்ப் பாருங்கள். வழக்கமாக ஆறு பட்டைகள் இருக்கும்: மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் பூசிய தட்டைக் கொக்கி. அது கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழைந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த தகட்டின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. சைக்கிள்கள் கீழ்நோக்கித் திருப்பும்போது ரேக்கின் கால்கள் பம்பரை உள்ளே அழுத்துகின்றன. மேல்பட்டைகள் கதவின் மேல்விளிம்பை வெளியே இழுக்கின்றன. உண்மையான வேலை மேலிரண்டு பட்டைகளுக்குத்தான். பக்கப் பட்டைகள் ஆட்டத்தை நிறுத்துகின்றன. கீழ்ப்பட்டைகள் ரேக் துள்ளி எழாமல் பார்த்துக்கொள்கின்றன. மேல்விளிம்பு கண்ணாடியாகவோ பிளாஸ்டிக் ஸ்பாய்லராகவோ இருந்தால் இந்த இழுப்பை அது தாங்காது. பொலேரோ, தார் போன்ற வண்டிகளில் பின்கதவின்மேல் ஸ்டெப்னி தொங்குகிறது. அதன்மேல் ரேக்கைக் கட்டினால் கதவின் கீல்கள் சக்கரம், ரேக், சைக்கிள் ஆகிய மூன்றையும் சுமக்கவேண்டியிருக்கும்.

ஒரு கேள்வி எல்லா வகைக்கும் பொது: கார் மோதினால் என்ன ஆகும்? 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், ஏற்றிய ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏழு மடங்கு விசையோடு முன்னே பாயும். 13 கிலோ சைக்கிள் அந்தக் கணத்தில் 90 கிலோவுக்குச் சமம். அதனால்தான் தாங்கி செய்யும் நிறுவனங்கள் தண்டவாளத்தில் ஓடும் மேடையில் ரேக்கையும் சைக்கிளையும் பூட்டி, ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்திச் சோதிக்கின்றன. எது கழன்று பறக்கிறது என்பதை வேகக் கேமரா காட்டிக்கொடுக்கும்.

சட்டம் பார்ப்பது என்ன?

எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் சைக்கிள் ரேக்கைப் பற்றிய விதிகள் நான்கு விஷயங்களைச் சுற்றியே வருகின்றன: வண்டியின் அடையாளம் தெரிகிறதா, அது செய்யப்போவது பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா, அது எங்கே முடிகிறது என்பது தெரிகிறதா, ஏற்றியது கழலாமல் இருக்குமா.

அடையாளம் என்றால் நம்பர் பிளேட். பின்புற ரேக் பெரும்பாலும் அதைத்தான் முதலில் மறைக்கும். பிரிட்டனில் தகட்டைச் சரியாகக் காட்டாத வண்டிக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. மறைந்தால் ரேக்கின்மேல் இன்னொரு தகடு வைக்கவேண்டும். அதுவும் முறைப்படி செய்த தகடாக இருக்கவேண்டும். ஜெர்மனியில் ரேக்கில் அதே எண்ணை மறுபடி காட்டவேண்டும். ஆனால் அசல் தகட்டிலுள்ள அரசு முத்திரை அதற்குத் தேவையில்லை. நெதர்லாந்தில் ரேக்குக்கான தகடு வெள்ளை, ஆஸ்திரியாவில் சிவப்பு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் சைக்கிள் ரேக்குக்கென்றே துணைத் தகடு வழங்குகிறார்கள். தமிழர்கள் மிகுதியாக வாழும் கனடாவின் ஒன்டாரியோவில், வண்டியோடு இணைத்த எந்தப் பொருளும் ஏற்றிய சுமையும் தகட்டை மறைக்கக்கூடாது என்று நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமே சொல்லிவிடுகிறது.

இந்தியாவில் நிலைமை சற்று இறுக்கமானது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் அனைத்தும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு வருகின்றன. அசோகச் சக்கரம் பொறித்த ஹாலோகிராம், லேசரால் பதித்த எண் ஆகியவற்றோடு, கழற்றினால் மறுபடி பயன்படாத பூட்டாணியால் அதைப் பொருத்துகிறார்கள். தகட்டைக் கழற்றி ரேக்கில் மாட்டிக்கொள்ள வழியில்லை. தெருவோரக் கடையில் செய்து மாட்டும் இன்னொன்று அந்தத் தகடாகிவிடாது. ஆகவே இங்கே ரேக் வாங்குபவர், சைக்கிள் ஏறிய பிறகும் தகடு முழுவதும் தெரியும் வகையைத்தான் தேடவேண்டும். தகடு பம்பரில் கீழே இருந்தால், சைக்கிளை உயரத் தூக்கிப் பிடிக்கும் பட்டை ரேக் ஒத்துவரலாம். டிக்கிக் கதவின் நடுவில் இருந்தால் கூரைதான் மிச்சம்.

இரண்டாவது விஷயம் விளக்கு. பிரேக் லைட்டின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. 1974-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் பின்புறம் கூடுதலாக ஒரு நிறுத்த விளக்கைப் பொருத்தினார். அந்த டாக்சிகளைப் பின்னாலிருந்து இடிக்கும் விபத்துகள் 60 சதவீதம் குறைந்தன. அதைத் தொடர்ந்து 1986 மாடல் கார்களிலிருந்து பின்கண்ணாடி மட்டத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு அமெரிக்காவில் கட்டாயமானது. எல்லாக் கார்களிலும் அது வந்துவிட்ட பிறகு நீண்டகாலக் கணக்கெடுத்தபோது பயன் 4.3 சதவீதம் என்று தெரிந்தது. புதுமை கண்ணில் படுவதால் வந்த பலன் போய், விளக்கின் நிலையான பலன் மிஞ்சியது. நான்கு சதவீதம் சிறிதாகத் தோன்றினாலும், கோடிக்கணக்கான கார்கள் ஓடும் நாட்டில் அது பெரிய எண்ணிக்கை. அந்த விளக்கின் குறுக்கே சைக்கிள் சீட்டையும், இண்டிகேட்டருக்கு முன்னால் டயரையும் தொங்கவிடும்போது நாம் இழப்பது இந்தப் பாதுகாப்பைத்தான். பல நாடுகளில், விளக்கு மறைந்தால் ரேக்கிலேயே விளக்குப் பலகை பொருத்தி மின்னிணைப்புக் கொடுத்தாகவேண்டும்.

அடுத்தது எல்லை. சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.75 மீட்டர், ஸ்விப்ட் காரின் அகலம் 1.735 மீட்டர். குறுக்காகத் தொங்கும் சைக்கிளைச் சற்றுத் தள்ளிக் கட்டினாலே சக்கரம் காருக்கு வெளியே நீட்டும். நீட்டிய பகுதி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. ஓரமாக வரும் பைக்காரரின் முழங்கைக்குத் தெரியும். ஜெர்மனியில் சுமை காரின் விளக்குகளுக்குப் பக்கவாட்டில் 40 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால், இருட்டில் அதற்குத் தனி விளக்கு வேண்டும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பின்னால் நீளும் சுமைக்குச் சிவப்பு வெள்ளைச் சாய்கோடுகள் போட்ட, பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பலகை தேவை. இந்தியாவில் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவு, சுமை வண்டியின் பக்கங்களைத் தாண்டியோ, முன்னும் பின்னும் உயரத்திலும் அனுமதித்த எல்லையை மீறியோ நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. லாரியை நினைத்து எழுதிய பிரிவாகத் தோன்றலாம். ஆனால் அதில் ‘மோட்டார் வாகனம்’ என்றுதான் இருக்கிறது.

நான்காவது, கழலாமை. இதற்கு எந்தச் சட்டமும் கிலோவும் சென்டிமீட்டரும் சொல்லித் தீர்க்க முடியாது. ஓட்டுபவரின் பொறுப்பாக விட்டுவிடுகிறது.

வாங்கும் முன்

ஆகவே ரேக் வாங்கும் வேலையைக் கடையில் தொடங்காமல் காரின் கையேட்டில் தொடங்குவது நல்லது. கூரைச் சுமை எவ்வளவு, கதவில் பட்டை ரேக் கட்டத் தடையுண்டா, இழுகொக்கிக்கு இடமுண்டா என்ற விவரங்கள் அதில் இருக்கும். பிறகு சைக்கிளை எடைபோடுங்கள். 20 கிலோவைத் தாண்டும் மின்சைக்கிள் என்றால் கூரையை மறந்துவிடலாம்; தலைக்குமேல் தூக்கி நிறுத்துவதே ஆபத்து. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் சில கிலோ மிச்சம். கார்பன் சட்டம் என்றால், குழாயைக் கவ்வும் வகையைத் தவிர்த்து, சக்கரங்களைப் பிடிக்கும் தட்டு வகையைத் தேடுங்கள். கவ்வியின் அழுத்தம் கார்பன் குழாயை வெளியே தெரியாமல் நொறுக்கிவிடும். கடையிலேயே ரேக்கை மாட்டி, சைக்கிளையும் ஏற்றி, பத்தடி பின்னால் போய் நின்று தகடும் விளக்குகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். டயர் எதுவும் சைலன்சர் வாய்க்கு நேராகத் தொங்கக்கூடாது. புகையின் சூடு ரப்பரை உருக்கிவிடும். சைக்கிள் இல்லாத நாட்களில் ரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். வெறும் கம்பிகளும் காற்றைத் தடுக்கும். வெறும் ரேக்கும் தகட்டை மறைக்கும்.

கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து ஆட்டுங்கள். சைக்கிள் ஆடும்போது காரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி; சைக்கிள் மட்டும் ஆடினால் மறுபடி இறுக்கவேண்டும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை ஓரம்கட்டி நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இழுத்துவிடுங்கள். புதிய பட்டையின் நெசவு சுமையில் சற்று நீளும். கொக்கியின் ரப்பரும் ரேக்கின் பஞ்சுக்கால்களும் அழுந்தித் தட்டையாகும். சாலையின் அதிர்வு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவைக்கும். இந்தத் தளர்வு பெரும்பாலும் பயணத்தின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு இறுக்கிய பட்டைதான் வழிநெடுகத் தாங்கும்.